மூன்று அப்புறம்

அந்தப் படத்தைப் பற்றி இப்போது ஆளாளுக்கு எழுதுகிறார்கள். போன மாதம் ஒருவர், கடைசிக் காட்சியில் அப்பா மூன்று முறை "அப்புறம்?" என்று கேட்பது இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் மூன்றையும் குறிக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். படித்துவிட்டுப் பத்திரிகையைத் தூக்கி எறிந்தேன். காலமாவது கத்தரிக்காயாவது! அந்த மூன்றையும் ஒட்டியவள் நான். கோபத்தில் ஒட்டினேன், பயத்திலும் ஒட்டினேன். என் அத்தானின் பிழைப்பு அதில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எழுத ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். சிரிப்பு நடிகர். பெற்றவர்கள் வைத்த பெயரை வீட்டிலேயே மறந்துவிட்டோம். ஊருக்கெல்லாம் அவர் "அப்புறம்". படத்தில் கதாநாயகன் உயிரைக் கொடுத்து வீரவசனம் பேசி முடிப்பான். அத்தான் கழுத்தை ஆமை மாதிரி முன்னால் நீட்டி, ஒரு கண்ணைச் சிமிட்டி, "அப்புறம்?" என்பார். கதாநாயகன் ஒன்று விடுவான். அத்தான் விழுவார். மாடிப்படியில் விழுவார், ஏணியிலிருந்து விழுவார், ஓடுகிற வண்டியிலிருந்து விழுவார். சொல்லும் விழுதலும் சேர்ந்துதான் விலைபோயின. இருபது வருஷம் இப்படி விழுந்து விழுந்தே என் அக்கா குடும்பத்தை நிமிர்த்தினார்.

கடைசியில் இடுப்பு போய்விட்டது. எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் பட்டென்று சொன்னார்: "இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா, அப்புறம் எழுந்து நடப்பீங்கன்னு என்னால உத்தரவாதம் குடுக்க முடியாது." அங்கேயும் அத்தானுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அப்புறம்?" என்று கேட்டு டாக்டரைச் சிரிக்கவைத்துவிட்டுத்தான் வந்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். விஷயம் அக்காவுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் எவன் கூப்பிடுவான்? விழாத சிரிப்பு நடிகரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அந்த நேரத்தில்தான் டைரக்டர் வந்தார். சின்ன வயசு, பெரிய பிடிவாதம், அதுவரை எடுத்த இரண்டு படமும் ஊத்திக்கொண்டவை. "இவர் மூஞ்சியில ஒரு அப்பா இருக்கார். அவரை நான் எடுக்கப்போறேன்" என்றார். தொழிலில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. நடந்தால் போதும், உட்கார்ந்தால் போதும், விழவே வேண்டாம் என்கிற வேஷம் அவரைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. படம் ஓடினால் இனி அவர் அப்பாவாக, பெரியப்பாவாக, வாத்தியாராகக் காலம் தள்ளலாம். ஓடாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். எடிட்டர் வேலையை எனக்குக் கொடுத்ததும் அதே டைரக்டர்தான். சிபாரிசு எதுவும் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

கதை சின்னது. மனைவியை இழந்த ஒரு மனிதர், ஒரே மகள். அவர் பேச்சை மீறி அவள் கல்யாணம் செய்துகொண்டு போய்விடுகிறாள். வருஷங்கள் கழித்து ஒரு மத்தியானம் அப்பாவைப் பார்க்க வருகிறாள். இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமில்லை. அவள் கிளம்பிவிடுவாளோ என்று பயந்து அவர் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவள் கிளம்பிவிடுகிறாள். அவ்வளவுதான் கடைசிக் காட்சி.

அந்தக் காட்சியில் எங்கள் வசனகர்த்தா, மகள் பேச்சை நிறுத்தியதும் அப்பா கேட்பதாக ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: "அப்புறம்?" வேறு எதை எழுதுவார்? நம் வீடுகளில் பேச்சு வற்றிப்போனால் வேறு எதைக் கேட்கிறோம்? எழுதியவருக்கு உறைக்கவில்லை. படமெடுத்தவருக்கு உறைக்கவில்லை. பேசிய அத்தானுக்கே உறைக்கவில்லை. வாரக்கணக்கில் மூவியோலா என்கிற எடிட்டிங் மெஷினில் அந்தத் துண்டை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்த எனக்கும் உறைக்கவில்லை. மூக்கில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற கதைதான்.

உறைத்தது, விநியோகஸ்தர்களுக்குப் போட்டுக் காட்டிய அன்று. ஸ்டுடியோவின் சின்னத் தியேட்டர். படத்துக்குப் பணம் போட்ட முதலாளி முன்வரிசையில், வாங்க வந்தவர்கள் அவரைச் சுற்றி. அத்தான் என் பக்கத்தில். படம் நன்றாகத்தான் போனது. ஒருவர் கைக்குட்டையை எடுத்ததைப் பார்த்து அத்தான் என் முழங்கையை இடித்தார். பிறகு கடைசிக் காட்சி. திரையில் அத்தானின் கழுத்து லேசாக முன்னால் வந்தது. அதே கழுத்து.

"அப்புறம்?"

பின்னால் ஒருவர் மூக்கால் சிரித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. உடனே அறை முழுக்க வெடித்தது. கைக்குட்டைக்காரர் நாற்காலிக் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மகள் எழுந்து போனதை யாரும் பார்க்கவே இல்லை. பழக்க தோஷம், அத்தானும் கூடச் சேர்ந்து சிரித்தார். விளக்குப் போட்ட பிறகும் அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே நின்றது. எனக்கு யாரையாவது அறைய வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் காலை முதலாளி எடிட்டிங் அறைக்கே வந்துவிட்டார்.

"அந்த வார்த்தைய எடு."

"எடுத்தா காட்சியே இல்ல சார்."

"வேற வார்த்தை போடு. தமிழ்ல வார்த்தைக்கா பஞ்சம்?"

பஞ்சமில்லை. ஆனால் உதடு என்று ஒன்று இருக்கிறதே! "அப்புறம்" என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் ஒருமுறை உதடு ஒட்டும், கடைசியில் இன்னொருமுறை ஒட்டும். "வேற?" என்று போட்டால் ஒட்டவே ஒட்டாது. "சொல்லும்மா"வுக்கு ஒட்டுகிற இடம் வேறு. வசனகர்த்தா தலையைப் பிய்த்துக்கொண்டு "அப்படியா?" என்று கொண்டுவந்தார். அத்தானை அழைத்து மைக் முன்னால் நிறுத்திச் சொல்லவைத்தோம். பாதி வரை பொருந்தியது. அதற்குமேல் ஆள் வாயை மூடிக்கொள்கிறார், சத்தம் மட்டும் "யா" என்று வருகிறது. பேய்ப் படம் கெட்டது! அந்த இடத்தை மறைக்க மகளின் முகத்தை வெட்டி வைத்தேன். இப்போது யாரும் சிரிக்க மாட்டார்கள். அழவும் மாட்டார்கள். உப்புச்சப்பில்லாமல் ஒரு பெண் வந்து உட்கார்ந்து எழுந்து போனாள்.

"இது போதும். சிரிக்காம இருந்தா சரி" என்று முதலாளி போய்விட்டார். டைரக்டர் சுவரைப் பார்த்து நின்றார்.

அன்று சாயங்காலம் அக்கா வந்தாள். நான் வேலை பார்க்கும் இடத்துக்கு அவள் வந்ததே இல்லை. ஃபிலிம் சுருள்கள் தொங்குகிற கம்பிக்குக் கீழே குனிந்து வந்து, உட்காராமலே கேட்டாள்.

"மாத்திட்டியாமே?"

"மாத்தினேன். ஆனா காட்சி செத்துப்போச்சுக்கா. பழையபடியே வைக்க ஏதாவது வழி இருக்கான்னு பாக்கறேன்."

"எதுக்குடி? ஊரே கூடி அவரைப் பாத்துச் சிரிக்கவா?"

"சிரிச்சாதானே இத்தனை நாள் சோறு?"

சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் சுருங்கிப்போனது.

"அப்போ அவர் சிரிக்கவச்சாரு. நேத்து இவங்களா சிரிச்சாங்க. ரெண்டும் ஒண்ணாடி? வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழட்டல. அப்படியே உக்காந்திருந்தாரு. உனக்குத் தொழில்ல கெட்டிக்காரத்தனம் காட்ட எங்க குடும்பம்தான் கெடைச்சுதா?"

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாரு! போ, வீட்டுக்குப் போ!" என்று கத்தினேன். போய்விட்டாள். உதவியாளர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு இல்லாத வேலையைப் பார்த்தார்கள்.

அக்கா சொன்னது சுருக்கென்று தைத்தது. தைத்த இடத்திலேயே ஒரு யோசனையும் வந்தது. அவர் சிரிக்கவைத்தார். ஆமாம், சிரிப்பு அவர் கைச்சரக்கு. ஆனால் எந்தச் சிரிப்பு எத்தனை நேரம் தாங்கும்? எவ்வளவு நல்ல ஜோக்காக இருந்தாலும் உடனே இன்னொரு தடவை சொன்னால் மனிதன் பாதிதான் சிரிப்பான். மூன்றாம் தடவை சொன்னால் சொல்கிறவன் முகத்தைப் பார்ப்பான். இவனுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பான். அதுதான் எனக்கு வேண்டும். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஒதுக்கிவைத்த டேக்குகளை எல்லாம் வெளியே எடுத்தேன். அந்தச் சொல்லுக்கு மூன்று டேக் இருந்தன. மகளாக நடித்த பெண் வசனத்தை மறந்து ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில் சொல்லி டைரக்டரிடம் திட்டு வாங்கியவள். அவள் சொதப்பியது எனக்குக் கைகொடுத்தது: மூன்று கேள்வி, மூன்று பதில். முதல் டேக்கில் அத்தானின் குரல் கணீரென்று இருந்தது. இரண்டாவதில் இறங்கியிருந்தது. மூன்றாவது எடுத்தபோது அவர் காட்சிக்காகப் போட்ட முக்காலியில் வெகுநேரம் உட்கார்ந்து இடுப்பு விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்ததாம். குரலே வரவில்லை, காற்றுதான் வந்தது. மூன்றையும் வரிசையாக ஒட்டினேன்.

டைரக்டர் பார்த்தார். இன்னொரு முறை ஓட்டச் சொன்னார்.

"ஒண்ணுக்கே கூரை பறந்துச்சு. மூணு வைக்கறீங்க."

"மொதல்ல சிரிச்சுத் தீக்கட்டும் சார்."

"தீரலேன்னா?"

"தீரலேன்னா 'அப்படியா'வைப் போடுங்க. நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்."

"நீங்க விடறது இருக்கட்டும். உங்க அத்தான்?"

முதலாளியிடம் டைரக்டர்தான் மன்றாடினார். கடைசி ரீலை இரண்டு விதமாகவும் பிரிண்ட் எடுத்து இரண்டையும் தியேட்டருக்கு அனுப்புவது. முதல் காட்சிக்கு மட்டும் என்னுடையது. ஜனங்கள் போடும் சத்தம் சரியில்லை என்றால் அடுத்த காட்சியிலிருந்து மற்றது. இது எவ்வளவு பெரிய கண்துடைப்பு என்று டைரக்டருக்கும் எனக்கும் தெரியும். முதல் காட்சியில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள் என்றால், அதற்குப்பின் எந்த ரீலைப் போட்டு என்ன?

அத்தானிடம் நானே போய்ச் சொன்னேன்.

"எத்தனை தடவ கேக்கறேன்?"

"மூணு."

"ஒரு தடவைக்கே மானம் கப்பலேறிடுச்சு. கொழுந்தியாளுக்கு என் மேல அப்படி என்ன பகை?" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, கத்திரி வெட்டினா சரியாத்தான் இருக்கும்" என்றார். கத்திரி என்பது எனக்கு அவர் வைத்த பெயர். திட்டியிருந்தால் அன்று ராத்திரி தூங்கியிருப்பேன்.

முதல் காட்சி மத்தியானம். நாங்கள் மூன்று பேரும் விளக்கணைந்த பிறகு மாடியில் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தோம். நடுவில் அத்தான். அக்கா என்னோடு பேசவில்லை. திரையில் அத்தான் முகம் வந்ததும் ஒரே விசில். "அப்புறம்! அப்புறம்!" என்று கூப்பாடு. அடுத்து எங்கே விழப்போகிறார் என்று காத்திருந்தார்கள். மாடிப்படியில் இறங்கினார், எல்லோரும் தயாரானார்கள். அவர் பாட்டுக்கு இறங்கி நடந்து போய்விட்டார். "என்னய்யா இது" என்று ஒரு குரல் கேட்டது. அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

இடைவேளைக்குப் பிறகு சத்தம் அடங்கியது. படத்தில் ஒன்றிவிட்டார்களா, சலித்துவிட்டார்களா, எனக்குத் தெரியவில்லை. திரையின் மூலையில் ரீல் மாற்றுகிற புள்ளி வந்தது. கடைசி ரீல்.

மகள் வந்தாள். உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். பேச்சு நின்றது. கழுத்து நீண்டது.

"அப்புறம்?"

தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. கைதட்டல். இரண்டு வரிசை முன்னால் கட்டம்போட்ட சட்டைக்காரன் ஒருவன் எழுந்தே நின்று, கழுத்தை நீட்டி, "அப்புறோம்?" என்று அத்தான் மாதிரியே கத்தினான். அவனுக்கும் ஒரு கைதட்டல். திரையில் மகள் "வீடு மாத்திட்டோம்பா" என்றது யார் காதிலும் விழவில்லை. அக்கா அத்தானைத் தாண்டி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் என் எதிரிக்கும் விரும்ப மாட்டேன்.

அப்பா தலையை ஆட்டினார். மகள் மடியில் வைத்திருந்த கைப்பையைப் பார்த்தார். அவள் அதைக் கீழே வைக்கவே இல்லை.

"அப்புறம்?"

சிரித்தார்கள். ஆனால் பாதிச் சிரிப்பு. ஆரம்பித்த இடத்திலேயே சிலர் நிறுத்திக்கொண்டார்கள். கட்டம்போட்ட சட்டை மட்டும் தனியாகக் கெக்கே என்றான். "ஷ்ஷ், உக்காருய்யா" என்று யாரோ அதட்டினார்கள். உட்கார்ந்தான். "பெரியவன் ஸ்கூலுக்குப் போறான்பா" என்றாள் மகள். இந்த முறை தெளிவாகக் கேட்டது. சொல்லிவிட்டு அவள் சுவரில் மணி பார்த்தாள். அவள் மணி பார்த்ததை அப்பா பார்த்தார்.

மூன்றாவதில் சொல்லே இல்லை, உதடு மட்டும் இரண்டு முறை ஒட்டிப் பிரிந்தது. காற்றுதான் வந்தது.

எங்கும் ஒரு சத்தம் இல்லை. ஒரு செருமல் இல்லை. "அவ்வளவுதாம்பா" என்று மகள் எழுந்தாள். கதவு வரைக்கும் போனாள். போய்விட்டாள். அப்பா முக்காலியிலேயே இருந்தார். அந்த நிசப்தம் நீண்டுகொண்டே போனது. எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. நான் ஜெயித்துவிட்டேன்!

பக்கத்தில் அத்தான் "போச்சு" என்றார்.

தடவித் தடவி எழுந்து வெளியே போய்விட்டார். நான் பின்னால் ஓடினேன். மாடிப்படி தொடங்குகிற இடத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"ஒரு சத்தம் இல்ல பாத்தியா? மொதத் தடவை சிரிச்சாங்க. ரெண்டாவதுக்குக் கொறைஞ்சுது. மூணாவதுக்கு ஒண்ணுமே இல்ல. செத்துப்போச்சு."

"அத்தான், அழுதாங்க."

"இருட்டுல நீ எப்படிப் பாத்த?"

"நானே அழுதேனே!"

"நீ வீட்டு ஆளு. சத்தம் இல்லேன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும்டி. இருபது வருஷமா அது ஒண்ணைத்தான் கேட்டுட்டு நிக்கறேன்."

கதவு திறந்தது. ஜனங்கள் வெளியே வந்தார்கள். அவரைப் பார்த்ததும் முன்னால் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். வேறு நாளாக இருந்தால் தோளில் அடிப்பார்கள், கன்னத்தைக் கிள்ளுவார்கள், "அப்புறம்!" என்று கத்துவார்கள். இன்று யாரும் கிட்டவே வரவில்லை. வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். எல்லோருக்கும் கண் சிவந்திருந்தது. அவர்களை விலக்கிக்கொண்டு கட்டம்போட்ட சட்டைக்காரன் வந்தான். தடித்த ஆள். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"எங்கப்பாவும் இப்படித்தாங்க கேப்பாரு" என்றான். "ஊருக்குப் போனா விடாம கேப்பாரு. நேரமாச்சுப்பான்னு நான் கெளம்பிருவேன். கடைசியா பாத்தப்பவும்..." அதற்குமேல் முடியவில்லை. அவ்வளவு பெரிய ஆள் விம்மி விம்மி அழுதான்.

அத்தான் மிரண்டுபோனார். தன் முன்னால் ஒருவன் அழுவது அவருக்குப் பழக்கமே இல்லை. இவனை எப்படியாவது சிரிக்கவைக்க வேண்டுமே என்று அவர் கண் அலைந்தது. கழுத்து முன்னால் நீண்டது. எனக்கு விளங்கிவிட்டது.

"அத்தான், வேணாம்!"

ஒரு கண்ணைச் சிமிட்டி, "அப்புறம்?" என்றார். காலை அடுத்த படியில் வைக்கிறவர் மாதிரி காற்றில் வைத்தார். இரண்டு கையும் விசிறியாகச் சுழல, மூன்று படி சறுக்கி, தொப்பென்று உட்கார்ந்தார். அவர் வாழ்க்கையிலேயே விழுந்த விழுதல்களில் அதுதான் அழகு.

"ஐயோ!" என்று அத்தனை பேரும் அலறினார்கள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தடித்த ஆள் பாய்ந்து போய்ப் படியில் உட்கார்ந்து அவரை மடியில் தாங்கிக்கொண்டான். "அப்பா, பாத்துப்பா, எங்க அடிபட்டுச்சு?" என்று பதறினான். அப்பா என்றுதான் கூப்பிட்டான். எத்தனையோ கைகள் சேர்ந்து அவரைத் தூக்கி நிறுத்தின. அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். கால் தரையில் ஊன்றியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வலிக்குதா?" என்றேன்.

"உயிர் போகுது. அது கெடக்கட்டும்." என் காதருகே வந்தார். "நீ பாத்தியா? நல்லாத்தானே விழுந்தேன்? கை சரியாத்தானே சுத்துச்சு?"

"ரொம்ப நல்லா விழுந்தீங்க."

"பின்ன ஏன்டி ஒருத்தர்கூடச் சிரிக்கல?"

சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. ஒரு பெரியவர் அத்தானின் கழன்று விழுந்த செருப்பை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"இனிமே சிரிக்க மாட்டாங்க அத்தான்" என்றேன்.

மாடியில் காட்சி பார்க்க வந்திருந்த விநியோகஸ்தர்கள் முதலாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போடுகிற சத்தம் படி வரை கேட்டது. அத்தான் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அக்காவின் தோளில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தார்.